ஒன்பது நாள் சுக்குக் காப்பி

என் வீட்டுக்காரர் பெரியநாயகசாமிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் நெல் அறுவடை மெஷின் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. சாப்பிடும்போது உப்பு கேட்டால் எதிர்வீட்டு அக்கா உப்பு ஜாடியோடு வந்து நிற்பார். “நான் என்ன செவிடா, மெதுவாப் பேசுங்களேன்” என்று நான் எரிந்து விழாத நாள் கிடையாது. முதலாண்டு நினைவுப் பூசைக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பங்கு ஃபாதர் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்? அதுவும் போக, நான் எழுத வேண்டியதைக் கோயிலில் வாசிக்க முடியாது. அதனால் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். அவர் ஓட்டியது செயின் மெஷின். டயர் மெஷின் சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துவிட்டால் அவரைத்தான் தேடி வருவார்கள். தை, மாசி இரண்டு மாதமும் வீட்டில் அவர் சட்டை மட்டும்தான் தொங்கும். ஆள் குடவாசல் பக்கம் ஏதாவது ஒரு வயலில் இருப்பார். திரும்பி வரும்போது காது நிறையத் தூசி, கழுத்தெல்லாம் நெல் சுணை பட்டுச் சிவந்து தடித்துப்போயிருக்கும். நான் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். ஆய் ஊய் என்று தெருவே கேட்கக் கத்துவார். அந்தக் கழுத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

அவருக்கு வேளாங்கண்ணி மாதா மேல் அப்படி ஒரு பக்தி. காரணம் உண்டு. சுனாமி வந்த அன்று அவர் வேளாங்கண்ணியில்தான் இருந்தார். கூடப் போன இரண்டு பேர் கடலில் கால் நனைக்கப் போனார்கள். இவர் பூசை முடியட்டும் என்று கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டார். இவர் மட்டும் திரும்பி வந்தார். அதற்கப்புறம் மாதா சொல்லாமல் அவர் தும்மக்கூட மாட்டார் என்று நான் கேலி செய்வதுண்டு.

நான் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் வைத்தியலிங்கம் அண்ணனின் மருந்துக்கடையில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். மருந்துப் படிப்பு எதுவும் படிக்கவில்லை. டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எதற்கு எது என்று கைக்குப் பழகிவிட்டது. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே என்ன சீட்டு வரும் என்று சொல்லுவேன். பாதி டாக்டர் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அந்த வருஷம் ஆடியில் எண்ணெய் தேய்க்கும்போது இடது பக்கக் கழுத்தில், தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. “வலிக்குதா?” என்றேன். “இல்ல, சுணையா இருக்கும்” என்றார். அப்போது அறுப்பே கிடையாது, சுணை எங்கிருந்து வரும்? மூன்று வாரத்தில் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. தஞ்சாவூருக்குப் போகலாம், ஒரு ஸ்கேன் எடுக்கலாம் என்று நச்சரித்தேன்.

அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஒன்பது நாள் குடு, அருளு. மாதாவுக்கு நவநாள் வேண்டிக்கிட்டிருக்கேன். மாதா எண்ணெய் மட்டும்தான் தடவுவேன். ஒரு மருந்தும் வாயில படக்கூடாதுன்னு நேர்ச்சை. பத்தாம் நாள் கட்டி இருந்தா நீ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரேன்.”

ஒன்பது நாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பத்தாம் நாள் அவர் என்னோடு பஸ் ஏறியிருப்பார். சொன்ன சொல் தவற மாட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடையில் வீக்கம், ஒவ்வாமை, மூச்சு இரைப்பு எல்லாவற்றுக்கும் எழுதி வருகிற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று உண்டு. எவ்வளவு வீக்கமானாலும் நாலு நாளில் வற்றிவிடும். அதில் ஒரு அட்டையை எடுத்து வந்தேன். மாலையில் அவர் குடிக்கிற சுக்குக் காப்பியில் பொடித்துக் கலந்தேன். கசப்பு தெரியக்கூடாது என்று கருப்பட்டியைக் கூடப் போட்டேன்.

“என்னடி இது, காப்பி இப்படிக் கசக்குது?”

“சுக்கு அப்படித்தான் இருக்கும். குடிங்க.”

குடித்தார். நான் எதைக் கொடுத்தாலும் குடிப்பார். அந்தப் பக்கம் எங்கள் மகள் பிரின்ஸி ஜெபமாலை சொல்லி அவர் கழுத்தில் எண்ணெய் தடவுவாள். இந்தப் பக்கம் நான் அடுப்படியில் மாத்திரையை நசுக்குவேன். ஐந்தாம் நாள் கட்டி பாதியானது. ஒன்பதாம் நாள் தடவித் தடவிப் பார்த்தேன், காணோம்.

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டுக்கு நடுவில் முழங்கால் போட்டு, “அம்மா, அம்மா” என்று குழந்தைபோல அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கட்டிதான் போய்விட்டதே, யார் பேரால் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் காவி உடுத்திக்கொண்டு கிளம்பினார். பிரின்ஸியும் கூடப் போனாள். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் வழியாக நாலு நாள் நடை. வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்த கழுத்து உரு ஒன்று வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைத்தார். திரும்பி வந்ததும் அவருடைய வாய்க்குப் புது வேலை கிடைத்தது. மெஷின் இறங்குகிற வயலிலெல்லாம் இந்தக் கதைதான். குடவாசல் பக்கத்தில் சிவசாமி என்று ஒரு விவசாயி. அவருக்கும் கழுத்தில் கட்டி இருந்ததாம். அவர் இந்து, ஆனால் வேளாங்கண்ணி என்றால் யாருக்கு நம்பிக்கை இல்லை? இவர் தன் எண்ணெய்ப் புட்டியிலிருந்தே பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலையாதீங்க, ஒன்பது நாள்ல போயிடும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது கட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கக் கழுத்திலும், அக்குளிலும். சாயங்காலமானால் காய்ச்சல். தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டிக்கொண்டார். “நன்றி சொன்னதுல ஏதோ கொறை வச்சிட்டேன்” என்று மறுபடியும் நவநாள் ஆரம்பித்தார். நானும் மறுபடியும் சுக்குக் காப்பி போட்டேன். புத்தி கெட்டவள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை அரைகுறையாக வற்றியது. மெஷின் மேல் ஏறும்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்று. டாக்டர் பெயர் இளஞ்செழியன், சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். கழுத்துக் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாள் ஆனது. வந்ததைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“நிணநீர் முடிச்சுல வர்ற புற்றுநோயா இருக்கும்னு சந்தேகப்படறேன், ஐயா. லிம்ஃபோமான்னு சொல்வோம். ஆனா எடுத்த சதையில பாதி செத்த செல்லா இருக்கு. என்ன வகைன்னு சொல்ல முடியலன்னு எழுதியிருக்காங்க.”

“வகை தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம் சார்? புற்றுநோய்னா புற்றுநோய்தானே” என்றார் இவர், வராந்தா வரைக்கும் கேட்கிற குரலில்.

“அப்படி இல்லீங்க. பேருதான் ஒண்ணு. உள்ள அறுபது எழுபது வகை இருக்கு. பி செல்லுல வர்றது வேற, டி செல்லுல வர்றது வேற. ஒரு வகை பத்து வருஷம்கூட மெதுவா நகரும். இன்னொண்ணு மாசக்கணக்குல ஆளைச் சாய்ச்சிடும். அதைவிட வேகமா, ரெண்டு மூணு நாள்லயே ரெண்டு மடங்காகிற வகையும் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற.”

இவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப இது குறுவையா, சம்பாவா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் போல. “குறுவை மாதிரிதான் தெரியுது. ஆனா ஒண்ணு, வேகமா வளர்றதுக்குத்தான் மருந்து நல்லா கேக்கும். முழுசாக் குணமாகிப் போனவங்க நிறையப் பேர் இருக்காங்க. சீக்கிரமா ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்.” அப்புறம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். “இதுக்கு முன்னாடி ஏதாவது ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது இந்தக் கட்டியைத் தற்காலிகமாக் கரைச்சிடும். சோதனையும் தப்பாப் போயிடும்.”

“ஒரு மாத்திரை கிடையாது சார்” என்றார் இவர். “ஆவணியில தானாக் கரைஞ்சுது. மாதா புண்ணியம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். அவருடைய மாதாவை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிற பயம். கடையில் பெயர் கெடும், அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்கிற பயம். புருஷன் உயிர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். நான் எதைப் பிடித்துக்கொண்டேன் என்று பாருங்கள்.

மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்பதை நம்பி, டாக்டர் அந்தச் செத்த செல்லைப் பார்த்துக் காசநோயாக இருக்குமோ என்று அதற்கான சோதனைகளை எழுதினார். அதில் மூன்று வாரம் போனது. மழை பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் காப்பியில் கலந்துகொண்டிருந்த மாத்திரையை நான் நிறுத்திவிட்டேன். நிறுத்திய உடனே கட்டி வெறி பிடித்த மாதிரி கிளம்பியது. மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அந்தப் பெரிய குரல் கரகரத்து, மெலிந்து, நான் பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்டது. மெதுவாகப் பேசுங்கள் என்று வருஷமெல்லாம் கத்தியவள் நான்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரை ஸ்கேன் அறைக்குள் விட்டுவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை நாள், எந்தத் தேதி வரைக்கும் என்று. அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே வந்தார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மறுபடி சதை எடுக்க ஏற்பாடு பண்ணியிருப்பேன்மா.”

“ஆவணியிலேயே வந்திருந்தா முழுசாக் குணமாகியிருக்குமா டாக்டர்?”

“அப்பவே வந்திருந்தா வாய்ப்பு நல்லா இருந்திருக்கும். அதுக்கு மேல சொல்ல முடியாதும்மா.”

அந்தச் ‘சொல்ல முடியாது’ என்ற வார்த்தையோடுதான் நான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டரைக் கும்பிட்டேன். “அதை நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

இந்த முறை முடிச்சையே முழுசாக அறுத்து எடுத்து அனுப்பினார்கள். வகை தெரிந்தது. பி செல்லில் வருகிற, பரவலாக வளர்கிற பெரிய செல் வகை. வேகக்காரன்தான். அதற்குள் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் போய்விட்டிருந்தது. கார்த்திகைக் கடைசியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று பாட்டில் கையில் ஏறும், அதோடு ஐந்து நாளைக்கு வாயில் போடும் மாத்திரை. மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தேன். அதே ஸ்டீராய்டு. நான் திருட்டுத்தனமாக நசுக்கிப் போட்ட அதே மாத்திரை, இப்போது டாக்டர் கையெழுத்தோடு, மற்ற மருந்துகளோடு சேர்ந்து ஒழுங்காக வந்திருக்கிறது.

அவருக்கு மாத்திரை விழுங்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. நர்ஸ் அதைப் பொடித்து, கரண்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கி வாயில் ஊற்றினாள். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். விழுங்கினார். அப்புறம் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார், ஏதோ ஞாபகம் வந்தவர்போல. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. மறைத்தும் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் காலை, “சிவசாமிக்கு ஃபோன் போடு” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. “குடவாசல் சிவசாமிக்கு. கழுத்துல கட்டி இருந்துச்சே. நான் சொன்னா, உடம்பு முடியாம ஒளர்றேன்னு நினைப்பாரு. நீ சொல்லு. நீ கலந்ததைச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபோன் போட்டேன். அந்தச் சிவசாமியை நான் பார்த்ததுகூடக் கிடையாது. முகம் தெரியாத மனிதரிடம், என் புருஷன் காது கேட்க, சுக்கு, கருப்பட்டி, மாத்திரை, ஒன்பது நாள் எல்லாவற்றையும் சொன்னேன். மாதா எண்ணெயில் கட்டி கரையவில்லை, என் மாத்திரையில்தான் கரைந்தது, தயவு செய்து இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று அழுதேன். சிவசாமியின் கழுத்துக் கட்டி இன்னும் இருந்தது. மூன்று மாதமாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“என் மேல கோவமா?”

“கோவமாத்தான் இருக்கு” என்றார். “சண்டை போடத் தெம்பில்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வெள்ளிக் கழுத்து மாதாகிட்டயே இருக்கட்டும். திருப்பியா கேக்க முடியும்” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதாவை அவர் விட்டுவிடவில்லை. ஜெபமாலையும் கழுத்தில்தான் கிடந்தது. ஆனால் அதற்கப்புறம் எதையும் கேட்டு வேண்டிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் சுற்றில் கட்டிகள் நன்றாகக் கரைந்தன. இரண்டு வாரம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து பிரின்ஸியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டாம் சுற்றுக்கு அப்புறம் நோய் மருந்தைத் தாண்டி ஓட ஆரம்பித்தது. பொங்கலன்று சிவசாமி ஃபோன் செய்தார். அவருக்கு இருந்தது காசநோய்க் கட்டியாம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டு இவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரோ ஒரு சிவசாமிக்கு ஆறு மாத மாத்திரை, என் புருஷனுக்கு மட்டும் இதுவா என்று வயிறு எரிந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் சுற்றுக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தை மாதம், ஊரைச் சுற்றி அறுப்பு. ஜன்னலுக்கு வெளியே அவருடைய மெஷினை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “செயினு லூசா இருக்கு, டைட் பண்ணச் சொல்லு” என்றார். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். “அருளு, சுக்குக் காப்பி போடேன்.”

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

“ஒண்ணும் கலக்காமப் போடு” என்றார்.

அடுப்படிக்குப் போய்ச் சுக்கை இடித்தேன். பிரின்ஸியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன், சாட்சிக்கு. கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டேன். ஆற்றி எடுத்து வந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஊட்டினேன். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது கரண்டிக்கு வாயை மூடிக்கொண்டார்.

“இதுவும் கசக்குதே” என்றார்.

“சத்தியமா எதுவும் கலக்கலீங்க. பிரின்ஸியைக் கேளுங்க. மாதா மேல ஆணையா…”

“தெரியும்டி” என்றார். “எல்லாமே இப்ப அப்படித்தான் இருக்கு. உன்னைச் சொல்லல.”

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மறுநாள் விடிந்து, முதல் மெஷின் வயலில் இறங்குகிற நேரத்துக்குப் போய்விட்டார். டம்ளரில் மீதி இருந்த காப்பி தலைமாட்டிலேயே ஆறிக் கிடந்தது. ஊர் ஜனம் வந்து நிறைவதற்கு முன்னால் அதை எடுத்து நான் குடித்துப் பார்த்தேன். நல்ல தித்திப்பாகத்தான் இருந்தது.